வெள்ளை போர்டு காரை வைத்துப் பகுதி நேரமாக டாக்ஸி ஓட்டலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, தாம்பரம் பக்கம் வீடு, ஐந்து வருடம் ஓடிய சொந்த வேகன் ஆர். வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரிக்கிறது. ஆபீஸ் முடிந்து தினமும் நாலு மணி நேரம், கூடவே சனி ஞாயிறு, ஓலா, ஊபரில் ஓட்டினால் மாதம் 15,000 ரூபாய் தேறுமா என்று கேட்கிறீர்கள். "எவ்வளவு வரும்" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் நிற்பது வேறு கேள்வி: இந்த வண்டியை வாடகைக்கு ஓட்ட முடியுமா, ஓட்டினால் கையில் வரும் காசில் எது உங்களுடையது, எது வண்டியுடையது? சென்னையில் கால் டாக்ஸி ஓட்டுபவர்கள் சிலருக்குப் பல வருடங்களாகக் கணக்கு எழுதி, வரி தாக்கல் செய்து கொடுக்கிறேன். சொந்தமாக ஒரு மஞ்சள் போர்டு (வாடகை) வண்டியும் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன். வக்கீல் அல்ல, சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். வெள்ளை போர்டு கார் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதில் கூலி வாங்கிக்கொண்டு ஆளை ஏற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988 அனுமதிக்காது; 66-ஆவது பிரிவின்படி பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 192-ஏ பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் அதில் இடமிருக்கிறது. வண்டியையும் நிறுத்தி வைப்பார்கள். பெரிய செயலிகள் சென்னையில் வெள்ளை போர்டு காரைச் சேர்க்காததற்குக் காரணம் இதுதான். அதைத் தெரிந்துகொண்டு சிலர் வாட்ஸாப் குழுக்களில் "திருச்சி டிராப் இருக்கு, மதுரை ரிட்டர்ன் இருக்கு" என்று சவாரி பிடித்து ஓட்டுகிறார்கள். அவர்களைப் பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் போலீஸ் அல்ல, மஞ்சள் போர்டு ஓட்டுநர்களே. வரி, பெர்மிட், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எல்லாம் கட்டி ஓட்டுகிறவனுக்கு அந்தக் கோபம் வருவதில் தப்பும் இல்லை. "நான் ஓட்டவில்லை, செல்ஃப் டிரைவுக்கு விடுகிறேன்" என்றாலும் கதை அதேதான். அதற்குக் கறுப்புத் தட்டில் மஞ்சள் எழுத்து உள்ள தனிப் பதிவு இருக்கிறது.

அபராதத்தை விட எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். உங்கள் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரம்பு சொல்லும் பத்தியைப் படியுங்கள். கூலிக்கோ வாடகைக்கோ ஓட்டினால் இந்தப் பாதுகாப்பு இல்லை என்று இருக்கும். சவாரியில் இருக்கும்போது மோதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மை அவர்கள் மறுக்க அது போதும். அடிபட்ட மூன்றாம் நபருக்கு என்ன ஆகும்? 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. இழப்பீடு பல லட்சங்களில் போகும் விஷயம். வீட்டுக் கடன் தவணைக்காக மாலையில் ஓட்டப் போய், அந்த வீட்டையே கேள்வியில் வைப்பதற்குச் சமம்.

சரி, மஞ்சள் போர்டாக மாற்றிவிடலாமே? மாற்றலாம். ஆர்டிஓவில் சொந்த உபயோகத்திலிருந்து வாடகை வாகனமாக வகை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கார் லோன் இருந்தால் வங்கியிடம் தடையின்மைச் சான்று, பிறகு வரி வித்தியாசம், எஃப்சி, பெர்மிட், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, வணிக வாகன இன்சூரன்ஸ். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை எஃப்சி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். லைசென்ஸ் பற்றி மட்டும் கவலை வேண்டாம். சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் எடையுள்ள வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் வந்த தீர்ப்பை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதி கேட்ட அந்தக் காலத்து "பேட்ஜ் இருக்கா?" கேள்வி காருக்கு இனி பெரிய தடையில்லை. ஆனால் போர்டு மாறிய வண்டியை விற்கும்போது விலை இறங்கும். சந்தையில் மஞ்சள் போர்டு என்றாலே "நல்லா ஓடியிருக்கும்" என்றுதான் பார்ப்பார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காரும் இதுதான் என்றால், இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்பது வீட்டில் சண்டையைத்தான் கொண்டு வரும்.

இப்போது காசு. கீழே வருவது என் அனுமானக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு மாலை நாலு மணி நேரத்தில் ஆளோடு 35 கிலோமீட்டர், ஆளில்லாமல் 20 கிலோமீட்டர், ஆக 55 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். கமிஷன் போக உங்களுக்கு வந்து சேர்வது ஆளோடு ஓடிய கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்றால் வரவு 630. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஓஎம்ஆர் சாலை நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று எடுத்தால் 55 கிலோமீட்டருக்கு 367 ரூபாய் போகிறது. டயர், ஆயில், சர்வீஸ், பிரேக் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 1.20 ரூபாய் வைத்தால் 66. மிச்சம் 197. வணிக இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், எஃப்சி என்று வெள்ளை போர்டுக்கு இல்லாத கூடுதல் செலவு வருடத்துக்கு 25,000 என்றும், வருடத்தில் 200 மாலைகள் ஓட்டுவீர்கள் என்றும் கொண்டால் ஒரு மாலைக்கு 125. கடைசியில் கையில் நிற்பது 72 ரூபாய். நாலு மணி நேரத்துக்கு! இதில் வண்டி தேய்வதை நான் இன்னும் கழிக்கவே இல்லை. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்று கழித்தால் உங்கள் கையிலிருந்து 38 ரூபாய் போகிறது.

தேய்மானத்தை யாரும் எண்ணுவதில்லை, ஏனென்றால் அது தினம் பாக்கெட்டிலிருந்து போவதில்லை. வண்டியை விற்கும் அன்று மொத்தமாகத் தெரியும். வருமான வரி விதியே இதை ஒப்புக்கொள்கிறது: தொழிலுக்கு வைத்திருக்கும் சாதாரணக் காருக்கு வருடத் தேய்மானம் 15 சதவீதம், வாடகைக்கு ஓடும் காருக்கு 30 சதவீதம். மாதக் கடைசியில் செயலி காட்டும் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, மூன்றாம் வருடம் கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது "அந்தக் காசெல்லாம் எங்கே போச்சு?" என்று என்னிடம் நோட்டை நீட்டியவர்கள் உண்டு. எங்கும் போகவில்லை, அது வண்டியுடைய காசு, வண்டி திரும்ப வாங்கிக்கொண்டது.

அப்படியானால் ஊரில் இத்தனை பேர் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். பலர் ஓட்டுவது சிஎன்ஜி எரிவாயுவில். மேலே சொன்ன அதே மாலையை சிஎன்ஜியில் ஓட்டினால் எரிபொருள் செலவு பாதியை ஒட்டி இறங்கி, 72 என்பது 235 பக்கம் வரும். இரண்டாவது, அவர்கள் நாளெல்லாம் ஓட்டுகிறார்கள். இன்சூரன்ஸும் பெர்மிட்டும் நீங்கள் நாலு மணி நேரம் ஓட்டினாலும் பத்து மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றுதான். அவர்களுக்கு அது பல சவாரிகளில் பிரிந்துவிடுகிறது. ஊக்கத்தொகையும் அப்படியே. "இத்தனை டிரிப் முடித்தால் இவ்வளவு" என்று வைக்கும் இலக்கு முழு நேர ஓட்டுநரை மனதில் வைத்துப் போட்டது. மாலையில் மூன்று டிரிப் அடிப்பவர் அந்த வாசலை எட்டவே மாட்டார். கமிஷன் இல்லாமல் தினசரி கட்டணம் மட்டும் வாங்கும் முறை 2022-இல் பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி செயலி மூலம் ஆட்டோக்களில் பரவி, பிறகு மற்ற கம்பெனிகளும் அந்தப் பக்கம் வந்தன. நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அது வரம். பகுதி நேரக்காரர் அந்தக் கட்டணத்தைத் தன் இரண்டு மூன்று சவாரியால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சில நாள் பழைய கமிஷனே மலிவாக இருக்கும்.

பகுதி நேரத்தில் காசு இருக்கும் இடம் ஒன்று உண்டு, அது மாலை ஓஎம்ஆர் அல்ல. திங்கள் விடியற்காலை, கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து முனையம் அங்கே போனதிலிருந்து, தென் மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள் பெட்டி, அரிசி மூட்டை, தூங்கும் குழந்தையோடு ஊருக்கு வெளியே இறங்குகின்றன. காலை நாலு முதல் ஏழு வரை ரோடு காலி, தூரம் நீளம், டிராப் முடித்து ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கும் போய்விடலாம். பொங்கல், தீபாவளி முடிந்து ஊர் திரும்பும் நாளும் அப்படியே. ஆபீஸ் போகும் வழியிலேயே சவாரி கேட்கும் வசதி செயலிகளில் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சில முறைதான் அனுமதிப்பார்கள் என்றாலும், எப்படியும் ஓட்டப்போகும் கிலோமீட்டரில் காசு வருவதால் பகுதி நேரக்காரருக்கு அதை விட நல்லது இல்லை. மழை நாளில் கட்டணம் ஏறும், ஆசை வரும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தேங்கிய தண்ணீரில் வண்டியை விட்டு எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்காத பாலிசியில் அதற்குக் காசு வருவது கஷ்டம். "டிராப் எங்க சார், கேஷா ஆன்லைனா?" என்று ஓட்டுநர் கேட்டால் நாமெல்லாம் எரிச்சல்படுகிறோம் அல்லவா, அந்த ஆளில்லாத 20 கிலோமீட்டர்தான் அவரை அப்படிக் கேட்க வைக்கிறது.

இங்கே உறுதியில்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். எந்த சவாரி யாருக்குப் போகிறது, ஊக்கத்தொகை அடுத்த மாதம் இருக்குமா என்பதைக் கம்பெனிக்கு வெளியே இருக்கும் எவராலும் சொல்ல முடியாது. "நான் மாதம் இவ்வளவு எடுக்கிறேன்" என்று வீடியோ போடுகிறவர்கள் எரிபொருளுக்கு முந்தைய தொகையைக் காட்டுகிறார்களா, பிந்தையதா என்று கேட்டுப் பாருங்கள். மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல்படி கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் ஓட்டுநருக்குப் போக வேண்டும். 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல் நெரிசல் நேரக் கட்டணத்தை ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை போக விட்டது. ஆனால் இவை வழிகாட்டுதல்கள். மாநிலம் தன் விதியாக ஆக்கினால்தான் நீங்கள் காட்டிக் கேட்க முடியும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பைக் டாக்ஸி பற்றியும் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். வெறும் கணக்கு மட்டும் பார்த்தால் காரை விட அது மேல்: லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் எரிபொருள் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதனால்தான் மாணவர்கள் இவ்வளவு பேர் ஓட்டுகிறார்கள். சட்டம்தான் சாம்பல் நிறம். சொந்த உபயோகப் பைக்கை இப்படி ஓட்ட 2025 வழிகாட்டுதல் கதவைத் திறந்தது, ஆனால் சாவியை மாநில அரசுகளிடம் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பக்கம் சோதனை உத்தரவு, மறு பக்கம் கண்டும் காணாமல் விடுவது என்றே வருடங்கள் ஓடியிருக்கின்றன. பின்னால் உட்கார்ந்தவர் விழுந்தால், மேலே காருக்குச் சொன்ன அதே இன்சூரன்ஸ் சிக்கல் இரண்டு சக்கரத்தில் இன்னும் கிட்டத்தில் நிற்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

உங்களிடம் விற்க இரண்டு பொருள் இருக்கிறது: வண்டி, ஓட்டும் கை. வண்டியை வாடகைக்கு விடுவதில்தான் பெர்மிட், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம். கையை மட்டும் கொடுத்தால் இவை எதுவும் இல்லை. ஆக்டிங் டிரைவர் வேலையைத்தான் சொல்கிறேன். சென்னையில் சொந்தக் கார் வைத்துக்கொண்டு ஓட்டப் பிடிக்காதவர்கள், ஓட்ட முடியாத வயதானவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், ஒரு நாள் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, பாண்டி போய் வர ஆள் தேடும் குடும்பங்கள் என்று கேட்பவர்கள் ஏராளம். நாலு மணி, எட்டு மணி, பன்னிரண்டு மணி என்று பேக்கேஜாகப் பேசுவார்கள். வெளியூர் என்றால் பேட்டா தனி. உரிமையாளர் தன் காரில் தன் வேலைக்குப் போகிறார், நீங்கள் சம்பளத்துக்கு ஓட்டுகிறீர்கள். ஆகவே வெள்ளை போர்டாக இருப்பதில் தப்பில்லை. பெட்ரோல், டோல், பார்க்கிங் அவருடையது. வருவது முழுதும் உங்களுடையது. சனி ஞாயிறு கேட்பவர்கள் அதிகம். உங்களுக்கும் அன்றுதான் நேரம்.

அதிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. வண்டியை எடுக்கும் முன் நாலு பக்கமும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், உரிமையாளர் பார்க்கவே எடுங்கள். பழைய கீறலுக்கு உங்கள் தலையில் பில் வராது. ஆர்சி, இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். அந்தப் பாலிசியில் சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வருடத்துக்கு 50 ரூபாய்ச் சேர்க்கைதான், பலர் போட்டிருப்பார்கள், சிலருக்குத் தெரியவே தெரியாது. ஆட்டோமேட்டிக் கியர் பழகிக்கொள்ளுங்கள், இப்போது நிறைய வீடுகளில் அதுதான். சிக்னல் மீறல், வேகம் என்று இ-சலான் வந்தால் யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணா நகரில் காரை விட்டுவிட்டுத் தாம்பரத்துக்கு எப்படித் திரும்புவது என்பதுதான் இந்த வேலையின் உண்மையான தலைவலி. ரிட்டர்ன் சார்ஜ் தனியாகக் கேளுங்கள், இல்லையென்றால் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் வட்டத்துக்குள்ளேயே சவாரி பிடியுங்கள். ஏஜென்சி மூலம் போனால் ஒரு பங்கு எடுப்பார்கள். நாலு குடும்பம் உங்கள் ஓட்டத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் நேராகவே கூப்பிடுவார்கள்.

ஆபீஸ் போகும் வழியில் கூட வேலை செய்கிறவர்களை ஏற்றி பெட்ரோல் செலவைப் பகிர்வது வேறு. லாபம் இல்லாமல் செலவைப் பிரிப்பது என்ற அளவில் நின்றால் ஆபத்து குறைவு. 2020 வழிகாட்டுதலும், மாநிலம் தடுக்காதவரை சொந்தக் கார்களில் செயலி வழிப் பகிர்வை ஒரு நாளைக்கு நகருக்குள் நாலு பயணம் என்ற வரம்போடு ஏற்றது. மாதம் சில ஆயிரம் பெட்ரோல் மிச்சமானால் அதுவும் வருமானம்தான், வரி கூடக் கிடையாது.

வரியைப் பொறுத்தவரை, ஓட்டி வரும் காசைச் சம்பளத்தோடு தொழில் வருமானமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். 44-ஏடி என்று எல்லோரும் அறிந்த உத்தேச வருமான முறையில் டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளலாம். 2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு, முறை தொடர்கிறது. ஆனால் இது டாக்ஸிக்குப் பொருந்துகிற மாதிரி ஆக்டிங் டிரைவருக்குப் பொருந்தாது; பெட்ரோல் செலவே இல்லாதவர் 6 சதவீதம்தான் லாபம் என்று எழுதக் கூடாது, உண்மையில் நின்ற தொகையை எழுத வேண்டும். எப்படியானாலும் உங்களுடைய எளிய ஐடிஆர்-1 படிவம் போய்விடும். செயலி வழியாக வரும் பயணிகள் சவாரிக்கான 5 சதவீத ஜிஎஸ்டியைக் கமிஷன் முறையில் கம்பெனியே கட்டுகிறது, நீங்கள் பதிவு செய்யத் தேவையில்லை. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். வேறு எந்த வருமானத் தொழிலும் செய்யக் கூடாது என்று பல ஐ.டி. கம்பெனிகளின் தாளில் இருக்கும். எச்.ஆரிடம் எழுத்தில் ஒரு அனுமதி வாங்கிவிட்டால் நிம்மதி.

உங்கள் 15,000 இலக்குக்கு வருகிறேன். வேகன் ஆரை மஞ்சள் போர்டாக்கிப் பெட்ரோலில் மாலை ஓட்டி அந்தத் தொகை எடுப்பது நடக்காது என்று உறுதியாகச் சொல்வேன். ஆக்டிங் டிரைவராக வாரக் கடைசி இரண்டு நாளும் தவறாமல் ஓட்டினால் அதன் பெரும்பகுதி வரலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதம், வாடிக்கையாளர்கள் சேரும்வரை, பாதிதான் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் மாலை ஓட்டுவதை விட்டுவிடுங்கள். ஒன்பது மணி நேரம் திரையைப் பார்த்த கண்ணோடு ராத்திரி பத்து மணிக்குத் தாம்பரம் வழிப் போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பிறர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வேலை அது. வெள்ளிக்கிழமை ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு, சனிக்கிழமை காலை ஒரு திருவண்ணாமலை டிரிப்பில் தொடங்குங்கள்.